சிங்கப்பூரில் சினிகாங்: புளிப்பைத் தேடுவது முதல் பரிமாறுவது வரை

உடன் தங்கியிருக்கும் பிலிப்பினோ நண்பர் காய்ச்சலில் படுத்திருக்கும்போதோ, இரவுப்பணி முடிந்து சோர்ந்து வரும்போதோ, மழை விடாமல் பெய்யும் நாளிலோ கேட்பது பெரும்பாலும் சினிகாங்காகத்தான் இருக்கும். இறைச்சியோ மீனோ இறாலோ காய்கறிகளோடு வெந்து, புளிப்பு தூக்கலாக நிற்கும் அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். பிலிப்பினோக்களோடு வீட்டைப் பகிர்ந்திருப்பவர்களுக்கும், அவர்களை மணந்தவர்களுக்கும், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கு ஒரு நாளாவது அவர் ஊர்ச் சாப்பாடு கிடைக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இரண்டு அறைத்தோழர்களுக்காகப் பலமுறை தேடியும் சமைத்தும் கெடுத்தும் கற்றுக்கொண்டவை இவை. பின்னால் வந்தவர்களும் நான் தடுக்கிய இடங்களிலேயே தடுக்கினார்கள். எல்லோரும் நேரே கடைக்கோ உணவகத்துக்கோ போய்விடுகிறார்கள். சினிகாங் என்ற பெயர் பல கடைகளில் எழுதியிருக்கும். நண்பர் கேட்கும் புளிப்பு அங்கே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆகவே கீழுள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள்

எந்த ஊர், வீட்டில் எதைப் போட்டுப் புளிக்க வைப்பார்கள், எந்த இறைச்சி அல்லது மீன் என்ற மூன்றையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மிடம் ஒருவர் சாம்பார் வேண்டும் என்றால் எந்த ஊர்ச் சாம்பார் என்று கேட்காமல் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

என் முதல் அறைத்தோழர் மணிலாவுக்கு வடக்கே உள்ள புலாக்கானைச் சேர்ந்தவர். இரண்டாமவர் நடுப் பிலிப்பீன்ஸில் உள்ள இலோயிலோக்காரர். முன்னவருக்குப் பிடித்த அதே புளியங்காய்ச் சாற்றைப் பின்னவருக்கும் வைத்துக் கொடுத்தேன். அவர் நான்கு கரண்டி குடித்து, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய்த் தனக்கு ஒரு முட்டை பொரித்துக்கொண்டார்.

கேட்டாலும் "எதுவானாலும் சரி" என்ற பதில்தான் முதலில் வரும். சிரமம் கொடுக்கக் கூடாது என்ற கூச்சம் அது. ஆகவே உணவைப் பற்றிக் கேட்காமல், "உங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன மரம் நின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். கூச்சம் விலகிவிடும், புளிப்பு எந்த மரத்திலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியைத் தவற விடாதீர்கள். பன்றி விலாவே பலருக்குப் பழக்கம் என்றாலும், தென் பிலிப்பீன்ஸின் மிண்டனாவோவிலிருந்து வரும் முஸ்லிம்கள் அதைத் தொடமாட்டார்கள். கடலோர ஊர்க்காரர்கள் இறாலையோ, அவர்கள் பாங்குஸ் என்று அழைக்கும் பால்மீனையோ கேட்கலாம். சமையல் நேரமே இதனால் மாறிவிடுகிறது.

2. புளிப்பைப் பொருத்துவது

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். இது தவறினால் பின்னால் செய்யும் எதுவும் அதைச் சரிசெய்யாது.

சம்பாலோக் என்று சொன்னால் புளி. ஆனால் பழுத்த புளி அல்ல, பச்சைப் புளியங்காய். நம்மவர் எல்லோரும் விழும் பள்ளம் இது, நானும் விழுந்தேன். சமையலறையில் புளி இருக்கும்போது ஏன் அலைய வேண்டும் என்று எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றினேன். சாறு பழுப்பாகி, அடியில் ஓர் இனிப்போடு புளிக்குழம்பின் வாசனை அடித்தது. புளி பழுக்கும்போது அதில் இனிப்பு ஏறிவிடுகிறது. சினிகாங்குக்கு வேண்டியது வெளிறிய நிறமும் இனிப்பில்லாத கூர்மையான புளிப்பும். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் புளியங்காய் சில நாள்களில் குவிந்திருக்கும், சில நாள்களில் கண்ணில் படாது. காய்கறிக்காரரிடம் முந்தின வாரமே சொல்லி வையுங்கள்.

காமியாஸ் என்றால் பிலிம்பி, நட்சத்திரப்பழத்தின் உறவுக்காய். மலாய்க்காரர்கள் பெலிம்பிங் பூலோ என்பார்கள் என்பதால் கேலாங் சிராய் சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சில அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தோட்டங்களிலும் இந்த மரம் உண்டு. கேட்காமல் பறிக்காதீர்கள், பார்த்துக்கொள்பவரிடம் கேட்டால் பை நிறையவே தருவார்கள்.

பயாபாஸ் என்றால் கொய்யா, அதுவும் அறைக்குள் நுழைந்ததும் மணக்கும் அளவுக்குப் பழுத்தது. பேரங்காடியில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய, நறுக்கென்று கடிபடும் கொய்யாவை வாங்கிவிடுவது வழக்கமான பிழை. அதில் மணமும் இல்லை, புளிப்பும் இல்லை. தேக்காவில் சிறிய நாட்டுக்கொய்யா கிடைத்தால் வாங்கி, இரண்டு நாள் வெளியில் வைத்துக் குழையப் பழுக்க விடுங்கள். கொய்யாவில் புளிப்பு மிதமாகத்தான் இருக்கும்; கூடவே சிறிது புளியங்காய்ச் சாறு சேர்க்கலாமா என்று நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலோயிலோ, நீக்ரோஸ் பக்கத்துக்காரர் பாத்வான் என்பார். பச்சையாக உருண்டையாக இருக்கும் இந்தக் காய் நம் குடம்புளியின் இனம். குடம்புளி நினைவுக்கு வந்ததும் தமிழ்க்கடைக்கு ஓடாதீர்கள். அங்கே விற்பது புகை போட்டுக் கறுத்தது, ஒரு துண்டு போட்டாலே சாறு முழுவதும் புகை வாடை ஏறும். மலாய் மளிகையில் ஆசாம் கெப்பிங் என்ற பெயரில் வெளிறிய உலர்ந்த வில்லைகள் விற்கும். அதுவும் அதே இனத்துக் காய்தான், ஆனால் வெறும் வெயிலில் உலர்த்தியது. பாத்வானுக்கு இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மிக நெருங்கிய மாற்று அதுதான்.

அந்தப் பக்கத்துக்காரர் கேட்பது சினிகாங்காகவே இல்லாமல், காத்யோஸ், பாபோய், லங்கா என்ற மூன்று சொற்களாகவும் இருக்கலாம். துவரை, பன்றி, பலா என்பது பொருள். பன்றி இறைச்சியைத் துவரையோடும் பலாக்காயோடும் வேகவைத்துப் பாத்வானால் புளிக்க வைப்பது. அவர்கள் பயன்படுத்தும் துவரை கருந்தோல் உடையது. தமிழ்க்கடையில் உடைக்காத முழுத்துவரை வாங்கி இரவே ஊறவையுங்கள். தோல் நீக்கி உடைத்த துவரம்பருப்பைப் போட்டால் கரைந்து பருப்புச்சாறாகிவிடும். பலாக்காய் தேக்காவில் வெட்டியே கிடைக்கும். முட்டை பொரித்துக்கொண்ட நண்பர், நான் இதைச் செய்து வைத்த அன்று பானையை விட்டு நகரவில்லை.

இவை தவிர, புளியங்கொழுந்தைப் போட்டுக் கோழியோடு செய்வதும், மிசோ என்ற சோயா விழுதும் கடுகுக்கீரையும் சேர்த்து மீன்தலையோடு செய்வதும் உண்டு. கேட்டால் மட்டும் முயலுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நகரத்தில் வளர்ந்த இளையவர்கள் பலருக்கு வீட்டுச் சுவை என்பதே பொட்டலத்துப் புளிப்புத்தூள்தான். கொல்லையில் மரமே இல்லை என்று பதில் வந்தால் புளியங்காய் தேடி வெயிலில் அலைய வேண்டாம். அம்மா எந்தப் பொட்டலத்தை வாங்குவார் என்று கேளுங்கள். நார் (Knorr), மாமா சித்தா (Mama Sita's) என்ற இரண்டு நிறுவனங்களின் பொட்டலங்களும் இங்கே கிடைக்கின்றன.

3. சமைத்ததை வாங்குவது

நேரம் இல்லாவிட்டால் ஆர்ச்சர்ட் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே உள்ள லக்கி பிளாசாவுக்குப் போங்கள். பிலிப்பினோ மளிகைக் கடைகளும் சிறு உணவகங்களும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. தட்டுகளில் சமைத்து வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி வாங்கும் கடைகளைத் தூரோ-தூரோ என்பார்கள். தூரோ என்றால் சுட்டுதல். மொழி தெரியாது என்ற தயக்கம் இங்கே வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வீட்டுப் பணிப்பெண்களுக்கு வாராந்தர ஓய்வுநாள் 2013 முதல் சட்டப்படி உண்டு. பெரும்பாலோர் ஞாயிறன்றே எடுப்பதால் மின்படிக்கட்டிலேயே கூட்டம் நிற்கும். வேலை நாளில் மதியக் கூட்டத்துக்குச் சற்று முன்னர் போவது நல்லது. நேரம் செல்லச் செல்லச் சூட்டிலேயே இருக்கும் சாற்றில் கீரை கறுத்து வெண்டைக்காய் குழைந்துவிடும்.

வாங்கும் முன் சாறு மட்டும் ஒரு கரண்டி கேட்டு ருசி பாருங்கள். எடுத்துச் செல்வதானால் சாற்றையும் காய்களையும் தனித்தனிப் பையில் கட்டித் தரச் சொல்லுங்கள். வழியெல்லாம் கொதிசாற்றில் கிடந்தால் காய் வீடு வருவதற்குள் கூழாகும்.

4. வீட்டில் சமைப்பதானால் அனுமதி

வாடகை அறையில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எளிய சமையல் மட்டும் என்று எழுதியிருந்தால், ஒன்றரை மணிநேரம் எலும்பு வேகவைப்பது அதில் அடங்குமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. சைவ வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் பன்றி என்ற பேச்சே வேண்டாம். மற்ற இடங்களில் தனிப் பானையும் தனிக் கரண்டியும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

5. வாங்கும் வரிசை

முதலில் புளிப்பு, அடுத்து இறைச்சி, கடைசியில் கீரை. புளிப்பு கிடைக்காத நாளில் மற்றவற்றை வாங்கிப் பயனில்லை.

நான்கு பேருக்கு ஒரு கிலோ பன்றி விலா, 300 கிராம் புளியங்காய், பெரிய வெங்காயம் 1, தக்காளி 2, சிறிய சேப்பங்கிழங்கு 5, வெள்ளை முள்ளங்கி 1, நீளக் காராமணி ஒரு பிடி, கத்தரிக்காய் 1, வெண்டைக்காய் 6, கங்கோங் கீரை ஒரு கட்டு போதும். விலாவில் கொழுப்பு கொஞ்சம் இருக்கட்டும். வெறும் சதையாக வாங்கினால் புளிப்பு மட்டும் தனியே நிற்கும்.

சேப்பங்கிழங்கின் பெயர் அவர்கள் மொழியில் கபி. தொலைபேசியில் நண்பர் "கபி மறந்துவிடாதே" என்று சொன்னதைக் கேட்டு, மூன்று வகைக் காப்பிப்பொடியோடு வீடு திரும்பியவன் நான்.

மிளகாய் விஷயத்தில் கவனம் தேவை. அவர்கள் போடும் சிலிங் பன்சிகாங், அதாவது சினிகாங்குக்கான மிளகாய், நீளமாக, வெளிர்பச்சையாக, காரம் குறைவாக இருக்கும். நம் பச்சைமிளகாயைப் போட்டால் உறைப்பு புளிப்பை மறைத்துவிடும். பஜ்ஜி மிளகாய் அதற்கு ஓரளவு ஒத்துவரும்.

உப்புக்குப் பாத்திஸ், அதாவது மீனைப் புளிக்க வைத்து எடுக்கும் ஃபிஷ் சாஸ். பிலிப்பினோ வகை கிடைக்காவிட்டால் தாய்லாந்து வகை போதும். அளவை மட்டும் குறைத்துத் தொடங்குங்கள்.

அரிசி தாய்லாந்து மல்லிகை அரிசியாக இருக்கட்டும். சாறு சோற்றில் ஊறி, சோறு சற்றே ஒட்ட வேண்டும். பாஸ்மதி உதிரியாக விலகி நிற்கும். புழுங்கலரிசியின் கழுநீரில் மாவுப்பசையும் குறைவு. அந்தக் கழுநீர் அடுத்த படிக்கு வேண்டும்.

6. அடுப்பில் வரிசை

அரிசியை முதல் முறை கழுவிய நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் கழுநீரை இரண்டு லிட்டர் எடுத்து வையுங்கள். முதல் நீரில் தூசி இருக்கும். இரண்டாவதில் வெண்மையும் சிறிது பசையும் கிடைக்கும். நம் பாட்டிகள் கீரைக்கு ஊற்றிய அதே கழுநீர்தான்.

விலாவை வேறு தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டுக் கொட்டி, எலும்பைக் கழுவுங்கள். சாம்பல் நிற நுரை அந்த நீரோடு போய்விடும். நேரம் மிச்சம் என்று இதைத் தவிர்ப்பவர்களின் சாறு கலங்கியே இருக்கும்.

பிறகு கழுநீரில் விலா, வெங்காயம், தக்காளி, இரண்டு கரண்டி பாத்திஸ் சேர்த்து மெல்லிய தீயில் வையுங்கள். உப்பில் பாதியை இப்போதே போட்டால்தான் இறைச்சிக்குள் சாரும்.

40 நிமிடம் கழித்துத் தோல் சீவிய சேப்பங்கிழங்கைப் போடுங்கள். பாதிக்கிழங்கு கரைந்து சாற்றுக்குக் கனம் தர வேண்டும், மீதி துண்டாக நிற்க வேண்டும். அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இன்னும் 15 நிமிடம் சென்றதும் முள்ளங்கி.

இதற்கிடையே புளியங்காயைக் கழுவி, மூன்று தம்ளர் தண்ணீரில் தனியே வேகவையுங்கள். 15 நிமிடத்தில் தோல் வெடிக்கும். மத்தால் மசித்து, கம்பிச் சல்லடையில் அழுத்தி வடிகட்டி, சக்கையில் இன்னொரு கரண்டி சூடான சாற்றை ஊற்றி மறுபடியும் அழுத்துங்கள். கொட்டையை நசுக்கிவிடாதீர்கள், துவர்க்கும்.

புளியங்காய்ச் சாற்றை எப்போது ஊற்றுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் பிசகுகிறார்கள். புளி விட்டபின் காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்லிக்கொடுத்தது இங்கும் அப்படியே பொருந்தும். கிழங்கும் முள்ளங்கியும் கத்தி இறங்கும் அளவுக்கு வெந்தபிறகு, எடுத்து வைத்ததில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, கொதித்ததும் ருசி பாருங்கள். பிறகு அடுத்த பங்கு. ஒரேயடியாக ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. தண்ணீர் விட்டு இளக்கினால் இறைச்சியின் சுவையும் போய்விடும்.

அடுத்துக் காராமணி, கத்தரிக்காய், கீறாத முழு மிளகாய். இரண்டு நிமிடம் கழித்து வெண்டைக்காயை முழுதாகவே போடுங்கள். நறுக்கினால் சாறு கொழகொழக்கும். காராமணி வெந்ததும் கங்கோங் தண்டு, அடுப்பை அணைத்தபின் இலை. மூடி வைத்தால் இலை அந்தச் சூட்டிலேயே வெந்து பச்சை மாறாமல் இருக்கும்.

மஞ்சள்தூள், பெருங்காயம், தாளிப்பு எதுவும் வேண்டாம். கை பரபரக்கும். கட்டுப்படுத்துங்கள்.

இறாலானால் தலையை இடித்துப் பிழிந்த சாற்றோடு தொடங்கி, இறாலைக் கீரைக்குச் சற்று முன்னர், நிறம் மாறும் அளவுக்கு மட்டும் வேகவையுங்கள். மீனும் அப்படியே, கடைசியில்தான். போட்டபின் கரண்டியால் கிளறாமல் பானையைப் பிடித்துச் சுழற்றுங்கள்.

7. பொட்டலத்தைப் பயன்படுத்துவதானால்

வரிசை அதேதான்; புளியங்காய்ச் சாறு ஊற்றும் இடத்தில் தூளைப் போட வேண்டும். அதில் உப்பும் மோனோசோடியம் குளுட்டமேட்டும் ஏற்கெனவே இருப்பதால், பாத்திஸை முன்னதாக ஊற்றாதீர்கள். தூள் கரைந்து ஒரு கொதி வந்தபின் ருசி பார்த்துத் தேவையானால் மட்டும் சேருங்கள். முழுப் பொட்டலத்தையும் கொட்டிவிட்டுப் பழக்கத்தில் உப்பும் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

8. ருசி பார்ப்பதும் பரிமாறுவதும்

வெறும் சாற்றைக் குடித்துப் புளிப்பை முடிவு செய்யாதீர்கள். இது சோற்றோடு உண்ணும் சாறு. சோறு புளிப்பைத் தணித்துவிடும். ஒரு பிடி சோற்றில் ஊற்றிப் பாருங்கள். நம் நாக்குக்குப் போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் ஒரு கரண்டி புளிப்பு வேண்டியிருக்கும்.

நண்பரிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். "கூலாங் சா ஆசிம்?" என்று கேளுங்கள், புளிப்பு குறைவா என்பது பொருள். குறைவு என்றால் இதற்கு மறைக்காமல் சொல்வார்கள். என் புலாக்கான் நண்பரிடம் பதிலுக்குக் காத்திருக்கவே தேவையில்லை: சரியான புளிப்பென்றால் இடக்கண் மட்டும் சுருங்கித் தோள் ஒருமுறை உதறும், அடுத்த கணம் தட்டைச் சோற்றுப்பானைப் பக்கம் நீட்டிவிடுவார்.

மேசையில் ஒரு சிறு கிண்ணத்தில் பாத்திஸ் ஊற்றி, கலமான்சி பிழிந்து, ஊசிமிளகாய் ஒன்றை நசுக்கிப் போட்டு வையுங்கள். இறைச்சியை அதில் தொட்டுக்கொள்வார்கள். கலமான்சிக்கு அலைய வேண்டியதில்லை. இங்கே உணவங்காடி நிலையங்களில் மீ கோரெங் தட்டின் ஓரத்தில் வைக்கும் லீமாவ் கஸ்தூரிதான் அது. காரம் வேண்டுவோர் பானையிலிருக்கும் மிளகாயைத் தட்டிலெடுத்து நசுக்கிக்கொள்ளட்டும்.

9. மிச்சத்தை வைப்பது

மறுநாள் சாறு இன்னும் இறங்கி நன்றாகவே இருக்கும், கீரையைத் தவிர. இரண்டு வேளைக்குச் சமைப்பதானால் கீரையில் பாதியைப் பச்சையாகவே எடுத்து வைத்து, சூடாக்கும்போது சேருங்கள்.

புளியங்காய் நிறையக் கிடைத்த நாளில் இரண்டு மடங்கு வாங்கி, வடிகட்டிய சாற்றைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதம்வரை வைத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். பையின்மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவது அவசியம். எழுதாமல் வைத்த ஒரு பையைக் கரைத்து, ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ரசம் வைத்துவிட்டார். புளி ஏன் நிறமே இல்லாமல் இருக்கிறது என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.